டோஸ் ஏற்றுவதற்கு முன் வயிற்றைத் தடவிப் பாருங்கள்

இன்சுலின் தொடங்கும்போது சீட்டில் எழுதித் தருவது ஒரே வரி. "காலை 18, இரவு 10, சாப்பாட்டுக்கு அரை மணி முன்." அம்மாவுக்கும் அப்படித்தான் எழுதினார்கள். கூடவே மெட்பார்மினும் வோக்லிபோஸும் கலந்த மாத்திரை, இரண்டு வேளை. ஊசி போடக் காட்டித் தந்த நேரம் ஐந்து நிமிடம் இருக்கலாம். கோவில்பட்டியில் அம்மாவோடு இருப்பது நான் ஒருத்திதான், தம்பிக்குத் திருப்பூரில் வேலை. ஊசி போடுவதும் சுகர் பார்ப்பதும் சாப்பாடு நேரத்துக்குத் தருவதும் என் தலையில். அதன் பிறகு வந்த மாதங்களில் பணமும் தூக்கமும் போனது இன்சுலினால் இல்லை, அந்த ஐந்து நிமிடத்தில் சொல்லாமல் விட்டவற்றால். உங்கள் வீட்டில் இப்போதுதான் ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள் என்றால் இதை ஒரு முறை பொறுமையாகப் படியுங்கள். டோஸ் எத்தனை யூனிட் என்பது மருத்துவர் வேலை. அந்த யூனிட் ஒழுங்காக உடம்புக்குள் போகிறதா என்பது நம் வேலை, அதைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன்.

முதலில் பாட்டிலும் சிரிஞ்சும். நம் ஊரில் 10 மில்லி பாட்டிலில் வரும் சாதாரண இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். இன்சுலின் பேனாவில் (பேனா வடிவ ஊசிக் கருவி) போடும் 3 மில்லி மருந்துக் குழாய், அதாவது கார்ட்ரிட்ஜ், ஒரு மில்லிக்கு 100 யூனிட். இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு: 40க்கு சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. மருந்துக்கடையில் "இன்சுலின் சிரிஞ்ச் கொடுங்க" என்று மட்டும் கேட்டால் கைக்கு அகப்பட்டதைத் தருவார்கள். 40 பாட்டிலில் இருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சுகர் இறங்கவே இறங்காது. தலைகீழாக நடந்தால் இன்னும் ஆபத்து. கார்ட்ரிட்ஜ் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்து 20 கோட்டில் நிறுத்தினால் அது 50 யூனிட். பேனா பழுதாகிவிட்டது என்று கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சைக் குத்தி இழுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதை அடியோடு விட்டுவிடுங்கள். பேனா கெட்டால் பேனாவை மாற்றுங்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாட்டில் மேல் இருக்கும் எண்ணும் சிரிஞ்ச் உறையில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று கடையிலேயே பார்த்துவிட்டு நகருங்கள்.

அடுத்தது வைக்கும் இடம். திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் கதவுத் தட்டு சரியான இடம். ஃப்ரீசருக்கு ஒட்டின மேல் தட்டில் வைத்தால் உறைந்துவிடும், உறைந்தது உருகினாலும் அதற்குப் பிறகு வேலை செய்யாது. பார்வைக்கு முன்போலவே இருப்பதுதான் தொல்லை. திறந்து உபயோகத்தில் இருப்பது பொதுவாக நாலு வாரம். திறந்த தேதியை பிளாஸ்திரித் துண்டில் எழுதிப் பாட்டிலில் ஒட்டுங்கள், மீதி இருக்கிறதே என்று இழுக்காதீர்கள். திறந்தது ஃபிரிட்ஜுக்கு வெளியே இருக்கலாம்தான், ஆனால் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, சித்திரை வெயிலில் எங்கள் ஊர் வீட்டுக்குள் அது எங்கே நடக்கும்? ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் பழைய மண்சட்டி முறையைப் பின்பற்றலாம். பெரிய சட்டிக்குள் மணல், நடுவில் சின்னக் கலயம், மணலை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், கலயத்துக்கு ஈரத்துணி மூடி. பாட்டிலை ஒரு சின்ன டப்பாவில் போட்டுத் தண்ணீர் படாமல் கலயத்துக்குள் வையுங்கள். ஃபிரிட்ஜ் அளவு குளிராது, ஆனால் அறைச் சூட்டைவிட நன்றாகக் குறையும். காற்றில் ஈரம் கூடிய கடலோர ஊர்களில் பலன் கம்மி. கடையில் வாங்கிய மருந்தை வண்டி டிக்கியில் போட்டுவிட்டு மார்க்கெட் சுற்றப் போகக் கூடாது. வெயிலில் நிற்கும் டிக்கி அடுப்பு மாதிரி.

அம்மாவுக்குக் கொடுத்தது 30/70 என்கிற கலவை. நூற்றில் 30 பங்கு சீக்கிரம் வேலை செய்யும் இன்சுலின், 70 பங்கு மெதுவாக நீடித்து வேலை செய்வது. இது பால் போலக் கலங்கலாக இருக்கும், நிற்க வைத்தால் அடியில் படியும். அப்படியே இழுத்தால் ஒரு நாள் தெளிந்த பகுதி அதிகமாக வரும், ஒரு நாள் படிவு அதிகமாக வரும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழுமாகச் சாய்த்து, எல்லாம் ஒரே வெண்மையான பிறகுதான் இழுக்க வேண்டும். வேகமாகக் குலுக்கினால் நுரையும் குமிழியும் வந்து அளவு தப்பும். ஓரங்களில் கட்டியோ பனிபோல ஒட்டலோ தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். கிளார்ஜின் என்கிற இன்சுலின் மாதிரி தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கலாகத் தெரிந்தால் அதுவும் குப்பைக்குத்தான், அதை வேறு எந்த இன்சுலினோடும் ஒரே சிரிஞ்சில் கலக்கவும் கூடாது.

இந்தக் கலவைக்குக் கடிகாரம் முக்கியம். சீக்கிரப் பகுதி அரை மணியில் தொடங்கி இரண்டு முதல் நாலு மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும், மெதுவான பகுதி நாலு மணி நேரத்துக்குப் பிறகு பலம் பிடித்துப் பல மணி நேரம் நிற்கும். காலை ஏழரைக்குப் போட்ட ஊசி மதியம் பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று வேலை செய்துகொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத் தள்ளிப் போனால் சுகர் விழுந்தே தீரும். கல்யாண வீடுதான் இதில் பெரிய பொறி. வீட்டிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனால், முதல் பந்தி நிரம்பி, இரண்டாவது பந்தியும் நிரம்பி, அதற்குள் ஆளுக்குக் கை நடுங்கும். ஊசி மருந்தை ஐஸ் நேரடியாகப் படாமல் குளிர்ப் பையில் எடுத்துப் போங்கள், பந்தியில் இடம் உறுதியான பிறகு போடுங்கள். அரை மணி இடைவெளி தப்பினால் சாப்பிட்டபின் சுகர் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் நிற்பதுதான் ஆபத்து. புதிய வகைக் கலவைகள் சிலவற்றை இலையில் உட்காரும்போதே போடலாம், உங்களுடையது எந்த வகை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சரியாக நடந்தும் அம்மாவுக்கு சுகர் நிலைகொள்ளவில்லை. ஒரு நாள் வெறும் வயிற்றில் 290, மறுநாள் அதே டோஸ், அதே இரண்டு இட்லி, 95. ஒவ்வொரு முறை போகும்போதும் நாலு யூனிட் ஏற்றினார்கள். 18ம் 10ம் ஆக ஆரம்பித்தது 34ம் 22ம் ஆனது. சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் ஒன்று இருபது ரூபாய்ப் பக்கம் வரும், தினம் மூன்று நாலு போனால் மாதம் இரண்டாயிரத்தைத் தாண்டும், மருந்துச் செலவு தனி. "அம்மா ஒளிச்சு வச்சு இனிப்பு சாப்பிடுறாங்களா?" என்று மருத்துவமனையிலேயே கேட்டார்கள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குமே சந்தேகம் வந்து சமையலறை டப்பாக்களைத் தேடியிருக்கிறேன், அந்தக் கசப்பு இரண்டு பேருக்கும் இடையில் ரொம்ப நாள் இருந்தது. மூன்று மாத சராசரியான ஹெச்பிஏ1சி 8.1 வந்தது. "ரொம்ப மோசம் இல்லையே" என்றார்கள். அந்த எண் சராசரி சுகர் 186 என்கிறது. 80க்கும் 300க்கும் இடையில் தாவுகிறவருக்கும் சராசரி அதே எண்ணில் வந்து உட்காரும், தாவல் அதில் தெரியாது. இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நம் அம்மாக்களில் எத்தனை பேருக்கு ரத்தசோகை இல்லை?

கடைசியில் வேறொரு மருத்துவமனையில், சர்க்கரை நோய்க்கென்று பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ், எண்களைப் பார்ப்பதற்கு முன்னால் அம்மாவைப் படுக்க வைத்து வயிற்றைத் தடவினார். தொப்புளுக்கு இரண்டு பக்கமும், ஊசி போடும் அதே இடத்தில், எலுமிச்சை அளவுக்கு மெத்தென்று ஒரு மேடு. "இங்க தொட்டுப் பாருங்க, ரப்பர் மாதிரி இருக்கா? இங்க போட்டா மருந்து உள்ளயே நின்னுரும்" என்றார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்பு தடித்து இப்படி ஆகும். அங்கே வலி குறைவு என்பதால் நோயாளியே "அங்கேயே போடு" என்பார். அந்த மேட்டுக்குள் போன இன்சுலின் எப்போது ரத்தத்தில் கலக்கும் என்று சொல்லவே முடியாது. சில நாள் பாதிகூட வந்து சேராது, சில நாள் தாமதமாக மொத்தமாக வரும். 290ம் 95ம் அங்கிருந்துதான். மேடு பார்வைக்கு எப்போதும் தெரிவதில்லை. விரல் நுனியில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டு வட்டமாகத் தேய்த்தால் எங்கே தோல் தடிக்கிறது என்று அகப்படும். மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள்.

இடம் மாற்றும் முறை எளிது. வயிற்றை நாலாகப் பிரித்துக்கொள்ளுங்கள், தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டுவிடுங்கள். ஒரு வாரம் ஒரு பாகம். அந்தப் பாகத்துக்குள் ஒவ்வொரு ஊசிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. தொடையின் வெளிப்பக்கமும் ஆகும், ஆனால் வயிற்றில் மருந்து வேகமாகவும் தொடையில் மெதுவாகவும் சேரும், அதனால் காலை ஊசிக்கு வயிறு என்றால் தினமும் காலைக்கு வயிறுதான் என்று ஒரே முறையில் வைத்துக்கொள்ளுங்கள். பேனாவுக்கு 4 மில்லிமீட்டர் ஊசி பெரியவர்களுக்குப் போதும், தோலைப் பிடித்துத் தூக்காமல் நேராகக் குத்தலாம். குத்துவதற்கு முன் 2 யூனிட் வைத்து காற்றில் அழுத்தி ஒரு துளி வருகிறதா என்று பாருங்கள், அழுத்திய பிறகு பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்காதீர்கள், எடுத்ததும் ஊசியைக் கழற்றிவிடுங்கள், மாட்டியே வைத்தால் காற்று ஏறும், மருந்து கசியும். ஒரு ஊசி ஒரு முறைதான் என்பது விதி. செலவுக்குப் பயந்து நாள்கணக்கில் ஒரே ஊசியை ஓட்டுவதும் மேடு வருவதற்கு ஒரு காரணம், நுனி மழுங்கி வளைந்துவிடுகிறது.

இனி சொல்லப்போவதுதான் இதை எழுத வைத்தது. இடத்தை மாற்றுங்கள் என்று சொன்னவர்கள், மாற்றினால் டோஸைக் குறைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பாதி வீணாகிக்கொண்டிருந்தபோது ஏற்றிய டோஸ் அது. நல்ல தோலில் போட்டால் முழுவதும் உள்ளே போகும். அன்று இரவு ஏழே முக்காலுக்கு 22 யூனிட், புது இடத்தில். எட்டேகாலுக்கு மாத்திரை, இரண்டு இட்லி. பத்தரைக்கு அம்மா நைட்டி நனைய வியர்த்து, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். மீட்டரில் 41. சர்க்கரை கரைத்த தண்ணீர் ஒரு தம்ளர் குடித்தார். கால் மணி கழித்து 46. மறுபடியும் சர்க்கரைத் தண்ணீர், 44. எனக்குக் கை கால் ஓடவில்லை. 108ல் ஏற்றிப் போய் நரம்பு வழியாக குளுக்கோஸ் ஏறிய பிறகுதான் ஆள் தெளிந்தார். இரவு முழுக்க அவசரப் பிரிவில் வைத்திருந்தார்கள், பன்னிரண்டாயிரத்துக்கு மேல் ஆனது. அங்கே இருந்த பயிற்சி மருத்துவர் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னதுதான் நான் அதுவரை கேள்விப்படாதது: வோக்லிபோஸ், அகார்போஸ் சாப்பிடுகிறவர்களுக்கு லோ சுகர் வந்தால் வீட்டுச் சர்க்கரை சட்டென்று உதவாது. அந்த மாத்திரையின் வேலையே குடலில் சர்க்கரையையும் மாவையும் குளுக்கோஸாக உடையவிடாமல் தாமதப்படுத்துவதுதான். உடைக்கத் தேவையில்லாத குளுக்கோஸ் பொடியையே கொடுக்க வேண்டும். மருந்துக்கடையில் சுவை சேர்த்த பொடிகளில் சர்க்கரை கலந்தவையும் உண்டு, பின்பக்கம் குளுக்கோஸ் அல்லது டெக்ஸ்ட்ரோஸ் என்று மட்டும் இருப்பதை வாங்குங்கள். அவசரத்துக்கு அது இல்லையென்றால் தேன், அதில் குளுக்கோஸ் நேரடியாகவே இருக்கிறது. மாத்திரைப் பெயரில் என்ன எழுதியிருந்தாலும் அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் வோக்லிபோஸ் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், மூன்று மருந்து சேர்ந்த மாத்திரைகளில் அது அடிக்கடி வரும்.

70க்குக் கீழே போனாலே லோ சுகர், 54க்குக் கீழே என்றால் அவசரம். அளவு 15 கிராம், அதாவது தட்டி நிரப்பிய மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடி. கால் மணி கழித்துப் பார்க்க வேண்டும், 70 தாண்டவில்லை என்றால் அதே அளவு மறுபடியும். ஏறிய பிறகு அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் ஒரு தம்ளர் பாலோ இரண்டு பிஸ்கட்டோ, இல்லையென்றால் மறுபடி விழும். முதல் உதவிக்கே சாக்லேட்டும் பிஸ்கட்டும் வேண்டாம், கொழுப்பும் மாவும் மெதுவாகத்தான் சேரும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். கிளிமிபிரைட், கிளிபென்கிளமைட் வகை சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு லோ சுகர் வந்தால் ஒரு முறை சரியாகிவிட்டது என்று தூங்கப் போகக் கூடாது, பல மணி நேரம் கழித்தும் திரும்ப விழும், மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பதுதான் நல்லது. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபுரோலால், அட்டினலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் தெரியும். காலையில் தலையணை நனைந்திருப்பது, தலைவலியோடு எழுவது, கெட்ட கனவு, இவை இரவில் விழுந்ததற்கான அடையாளம். அப்படிச் சந்தேகம் வந்தால் சில நாள் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து பாருங்கள். வெறும் வயிற்று எண்ணை மட்டும் நம்பி இரவு டோஸை ஏற்ற வேண்டாம்.

புது இடத்துக்கு மாறும்போது டோஸை ஐந்தில் ஒரு பங்கு வரை, சிலருக்கு அதற்கும் மேலே குறைக்க வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, முதல் சில நாள் கூடுதலாக சுகர் பார்த்தபடி மாற்றுங்கள். அம்மாவுக்கு இப்போது காலை 24, இரவு 12ல் நிற்கிறது. ஏற்றுவதற்குக் காட்டும் அக்கறை இறக்குவதற்கும் வேண்டும். இன்னொன்று: எந்த மாற்றமும் செய்யாமலே டோஸ் தேவை மளமளவென்று குறைந்தால் "சுகர் குணமாகிறது" என்று சந்தோஷப்படாமல் கிரியாட்டினின் பாருங்கள். சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும்.

மீட்டர் விஷயத்தில் இரண்டே வார்த்தை. மாம்பழம் நறுக்கிய கையோடு பார்த்தால் எகிறிக் காட்டும், கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள், நடுவில் குத்தாமல் விரலின் பக்கவாட்டில். நல்ல மீட்டருக்கே நூற்றுக்குப் பதினைந்து வித்தியாசம் அனுமதி உண்டு, ஆகவே 200ம் 220ம் ஒன்றுதான், அதற்கு ஒரு சண்டை வேண்டாம். தினம் ஒரே நேரத்தில் பார்ப்பதைவிட, செலவு பார்ப்பவர்கள் ஒரு நாள் காலை உணவுக்கு முன்னும் இரண்டு மணி கழித்தும், மறுநாள் இரவு உணவுக்கு முன்னும் பின்னும் என்று மாற்றி மாற்றிப் பார்த்தால் அதே ஸ்ட்ரிப் எண்ணிக்கையில் அதிகம் தெரியும்.

சாப்பாட்டில் எது நல்லது என்பதைவிட அளவு தினமும் ஒன்றாக இருப்பது, ஊசி போடுகிறவர்களுக்கு முக்கியம். ஒரு நாள் இரண்டு இட்லி, மறுநாள் ஐந்து தோசை என்றால் எந்த டோஸும் நிற்காது. கேழ்வரகு மாவை நைசாக அரைத்துக் கூழாகக் குடித்தால் சோற்றுக்குச் சளைக்காமல் ஏறும், "ராகிதானே" என்று இரண்டு சொம்பு குடிப்பவர்கள் நிறைய. சப்பாத்திக்கும் கணக்கு உண்டு. பொரியலையும் பருப்பையும் முட்டையையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் ஏற்றம் மட்டுப்படுகிறது, இதை நீங்களே இரண்டு நாள் மீட்டரில் பார்த்துக்கொள்ளலாம்.

காய்ச்சல், வாந்தி வந்தால் "சாப்பிடவில்லையே" என்று இன்சுலினை மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள். நோயோடு போராடும்போது உடம்பே சுகரை ஏற்றும். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை சுகர் பார்த்து மருத்துவரிடம் எண்ணைச் சொல்லி டோஸ் கேளுங்கள். வாந்தி பேதியில் நீர் வற்றும்போது மெட்பார்மினையும், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரையையும் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். பின்னது சாப்பிடுகிறவருக்கு மூச்சு வாங்கி, வாந்தி நிற்காமல் வந்தால் சுகர் 200 மட்டும்தானே என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள், அந்த எண்ணிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறும் நிலை வரலாம்.

அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது, நீண்ட வரிசைக்குப் பயந்து நாங்கள் வெளியில் வாங்கியது வேறு கதை. 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, ஊர் சுகாதார நிலையத்தில் பதிந்தால் போதும். அரசு மருத்துவமனையில் தருவது 40 யூனிட் பாட்டிலாக இருந்து, நீங்கள் இதுவரை 100 யூனிட் மருந்து போட்டிருந்தால், வீட்டில் மீதம் கிடக்கும் ஆரஞ்சு மூடி சிரிஞ்சுகளை அன்றே அப்புறப்படுத்திவிடுங்கள். போட்ட ஊசிகளை மூடி போட்டுத் திருகும் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, முக்கால் நிரம்பியதும் ஒட்டி மூடி, ஊசி என்று பெரிதாக எழுதி மருத்துவமனையிலோ லேபிலோ கொடுங்கள். வாங்கமாட்டேன் என்றால் குப்பை வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர் கையில் தனியாக, சொல்லிக் கொடுங்கள். பையில் போட்டுக் கட்டி வாசலில் வைத்தால் அது குத்துவது அவர் கையைத்தான்.